நகல்: ஏழு பேருக்கு

அந்த ஷூவை எங்கே வாங்கினீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரவுன் ஷூ போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இதைக் கேட்டுவிடுவது என் பழக்கம். நாற்பது வருடப் பழக்கம். எங்கள் கூட்டத்துக்கு ஒருவன் வருவான். லுங்கி கட்டியிருப்பான், தாடி வைத்திருப்பான், கக்கத்தில் எங்கள் பத்திரிகையையே மடித்து வைத்திருப்பான். குனிந்து காலைப் பார்த்தால் பிரவுன் ஷூ. போலீஸ் டிபார்ட்மென்ட் கொடுத்த ஷூவை வீட்டில் விட்டு வர மனம் வராது அவனுக்கு. லுங்கிக்குக் கீழே ஷூ! அப்படிப் பதினோரு பேரைப் பிடித்திருக்கிறேன்.

மருமகன் வாங்கிக் கொடுத்ததா? மருமகன் என்ன வேலை? வங்கியா. இருக்கட்டும், இருக்கட்டும்.

சொத்துவரிப் பெயர் மாற்றம் என்றால் உங்களுக்கு மதியம் வரைக்கும் இந்த பெஞ்சுதான். எனக்கு அந்த மூன்றாவது ஜன்னல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு வந்து நகலை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் வந்தது.

என்ன, அச்சடித்த மாதிரி பேசுகிறானே என்று பார்க்கிறீர்களா? ஏழாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. மீதியெல்லாம் துண்டறிக்கை. ஆலை வாசலில் கொடுப்பார்கள், மற்றவர்கள் கசக்கிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள், நான் பொறுக்கி எடுத்து நீவி வைத்துப் படிப்பேன். அந்தத் தமிழ்தான் என் வாயில் இருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் கோதண்டபாணி. நானே வைத்துக்கொண்ட பெயர் இடிமுரசு. சைக்கிள் ரிம் கம்பெனித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். கம்பெனி மூடி இருபத்தாறு வருடம் ஆகிறது. சங்கத்தில் இன்றைக்கு ஓர் உறுப்பினர் கிடையாது. ஆனால் என்னைப் பதவியிலிருந்து எந்தப் பொதுக்குழுவும் நீக்கவில்லை. பொதுக்குழு கூடினால்தானே நீக்க முடியும்?

நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தேன் ஐயா. என்னோடு உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர் பிறகு பெரிய ஆட்கள் ஆனார்கள். கார் வந்தது, கதவு திறக்க ஆள் வந்தான். நான் எதிரே வந்தால் கார்க் கண்ணாடி ஏறும். நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. என்னிடம் ஒரு சாவி இருந்தது. அது போதும் என்று இருந்தேன்.

சங்கக் கட்டடத்துச் சாவி. ராயபுரத்தில், ரயில்வே லைனை ஒட்டி, தகரக் கூரை போட்ட மண்டபம். இரைச்சல் மன்றம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையா? நிஜமாகவே இல்லையா? ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்து பாடிவிட்டு, அங்கேயே கொசுக்கடியில் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் கேள்விப்படவில்லை என்கிறீர்கள். சரி, நம்புகிறேன்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் ஐந்து பேர் கிடாரும் டிரம்ஸுமாக வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் பிலோமினா. பகலில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பாள். மாலையில் தொண்டையைக் கிழித்துக்கொள்வாள். எங்கே பயிற்சி எடுத்தாலும் அக்கம்பக்கத்தார் துரத்துகிறார்களாம், இடம் வேண்டுமாம்.

"என்னம்மா பாட்டு?" என்று கேட்டேன்.

"பங்க், செயலாளரே."

"பங்க் என்றால்?"

"கத்துறது."

"எதற்கு எதிராக?"

"எல்லாத்துக்கும்தான்."

சாவியைக் கொடுத்துவிட்டேன். 'எல்லாவற்றுக்கும் எதிராக' என்று சொல்லி என் காதால் கேட்டு அன்றைக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

முதல் நிகழ்ச்சிக்கு ஒரு சுவரொட்டி எழுதிக்கொண்டு வந்தார்கள். 'எதிர்ப்பு பாடல்கள்' என்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேனாவை எடுத்து, நடுவில் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, மேலே ஒரு ப் வைத்தேன். 'எதிர்ப்புப் பாடல்கள்.' வன்தொடர்க் குற்றியலுகரம் அம்மா, அங்கே வலி மிகும் என்றேன். வலி என்றால் வல்லெழுத்து. க, ச, த, ப. அங்கே ஒற்று இரட்டிக்கும். பிலோ என்னையே பார்த்தாள். "வலி மிகுமா? செயலாளரே, இன்னொரு வாட்டி சொல்லுங்க!" அதையே குழுவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். வலி மிகும். நான் வைத்த பெயர். எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதவில்லையா? நல்லது.

அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் அங்கே வந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு குழுக்களுக்கு நடுவில் ஐந்து நிமிடம் நான் பேசுவேன். இடைவேளை உரை. பேச எழுந்தாலே முந்நூறு பேர் தரையைக் காலால் மிதித்துத் தகரமே அதிரும்படி சத்தம் போடுவார்கள். முடிக்கும்வரை மிதித்துக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவு மரியாதை.

அப்படிப்பட்ட இடத்தை ஒருவன் காட்டிக்கொடுத்தான். அவன் யார் என்பதற்கான காகிதம்தான் அந்த மூன்றாவது ஜன்னலுக்குள் இருக்கிறது.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தீயணைப்பிலிருந்து இரண்டு பேர், மாநகராட்சியிலிருந்து ஒருவர், கையில் ஃபைலோடு வந்தார்கள். மண்டபத்தில் நானும் சவரிமுத்துவும் மட்டும் இருந்தோம். சவரி எங்கள் மைக் செட்காரன். சவரி சவுண்ட் சர்வீஸ். கோயில், சர்ச், கல்யாணம், சாவு என்று ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டுகிறவன். எங்களுக்குப் பதினேழு வருடமும் சும்மாவே கட்டினான். சும்மா ஒருவன் ஏன் கட்ட வேண்டும்? அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"பங்க் எங்கய்யா?" என்றார் அதிகாரி.

"இதுதான் பங்க்" என்றேன்.

"டேங்க் எங்க? பூமிக்குள்ளயா?"

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அதிகாரி கேட்டால் நான் பதில் சொல்லாமல் நின்றதில்லை. "எங்கள் பங்க் பூமிக்குள் இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிறது" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

"பெட்ரோல் எத்தனை லிட்டர் வெச்சிருக்கீங்க?"

அப்போதுதான் விளங்கியது. எவனோ ஒரு தற்குறி எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறான். பங்க் இசைக்கும் பெட்ரோல் பங்குக்கும் வித்தியாசம் தெரியாதபடி எழுதியிருக்கிறான். எனக்குச் சிரிப்பாகக்கூட வந்தது. சவரிதான் ஓடி வந்து, "சார், இது பாட்டு சார். பாட்டு பங்க். உக்காருங்க சார், டீ சாப்பிடுங்க" என்று குழைந்தான். பெட்ரோல் இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வந்தவர்கள் சும்மா போவார்களா? ஜெனரேட்டருக்கு வைத்திருந்த இரண்டு கேன் டீசல், ஒரே வாசல், தொங்குகிற ஒயர், தகரக் கூரை, கட்டட அனுமதி எண் இல்லை. எல்லாம் எழுதினார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பதினைந்து நாளில் பூட்டி சீல் வைப்போம் என்று காகிதம் கொடுத்தார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். டீ குடிக்கும்போது அந்த அதிகாரி ஃபைலைத் திறந்து சவரியிடம் எதையோ காட்டினார். சவரி குனிந்து படித்தான். படித்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு அதிகாரி கையிலிருந்த ஃபைலைத் தன் கையாலேயே மூடினான். நான் பத்தடி தள்ளி நிற்கிறேன். "என்னப்பா அதில்?" என்றேன். "ஒண்ணுமில்ல செயலாளரே, ஏதோ பழைய பேப்பர்" என்றான்.

மறைக்க எதுவும் இல்லாதவன் ஃபைலை ஏன் மூட வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் இருக்கிறது. அதிகாரிகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். காசிமேட்டில் சர்ச் திருவிழாவாம். திருவிழா நடந்தது என்னவோ உண்மைதான், விசாரித்தேன். ஆனால் எத்தனையோ திருவிழாவுக்குச் சின்ன ஸ்பீக்கரைக் கட்டினவனுக்கு இதற்கு மட்டும் பெரியது எதற்கு?

பக்கத்தில் புதிதாக வந்த ஃபிளாட்காரர்கள்தான் எழுதியிருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபிளாட்காரன் போனில் புகார் போடுவான். வெள்ளைத்தாளில் மனு எழுதி, தபாலில் சேர்த்து, ஃபைலுக்குள் ஏற்றத் தெரிந்தவன் அவன் இல்லை. இது மனு எழுதத் தெரிந்தவன் வேலை. நமக்குள்ளே இருப்பவன் வேலை.

மனு என்றதும் ஞாபகம் வருகிறது. அதற்கு முந்தின தை மாதம் நானே ஒரு மனு எழுதியிருந்தேன். அது வேறு விஷயம். பிலோ வந்து, "செயலாளரே, ஷோவுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும். அவசரத்துக்கு லைன் ஓரமா ஓட வேண்டியிருக்கு" என்றாள். இதைவிட நியாயமான கோரிக்கை உண்டா? இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஆணையருக்கு மனு. நகல் ஏழு பேருக்கு. சுகாதாரம், குடிநீர், மின்சாரம், காவல், வருவாய், தீயணைப்பு, ரயில்வே. கழிப்பறைக்கும் தீயணைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நகல் போடுவதில் ஒரு நெறி இருக்கிறது. எவனும் 'எனக்குத் தெரியாது' என்று பிறகு சொல்லக் கூடாது. ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்த பெண் வழக்கம்போல ஒற்றெழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டாள். எட்டுப் பிரதியிலும் என் பேனாவால் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்பதாவது பிரதியை மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். அந்த மனுவுக்கு இன்றுவரை ஓர் அலுவலகத்திலிருந்தும் பதில் இல்லை. காட்டிக்கொடுத்தவன் எழுதினால் மறு மாதமே ஜீப் வருகிறது. உழைக்கிறவன் எழுதினால் கிணற்றில் போட்ட கல். இதுதான் ஐயா நாடு.

கடைசி சனிக்கிழமை. திங்கட்கிழமை சீல். மாலை ஆறு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. பெங்களூரிலிருந்து, கோவையிலிருந்து, பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பழைய பிள்ளைகள் சிலர் தங்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தைகளின் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கேமராவோடு ஒரு பெண் வந்திருந்தாள், யார் அனுப்பியது என்று கேட்டேன். மூலையில் ஒருவன் மோர் குடித்துக்கொண்டிருந்தான், பங்க் நிகழ்ச்சிக்கு வந்து மோர் குடிப்பவன் யார்? ஆனால் அவர்களெல்லாம் சில்லறை. என் கண் சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சவரி மேல்தான் இருந்தது.

இடைவேளை உரைக்கு எழுந்தேன். தரையை மிதிக்க ஆரம்பித்தார்கள். கையை உயர்த்தினேன். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக மிதிப்பது நின்றது.

"தோழர்களே! நம் மன்றத்தை மூட வைத்தவன் வெளியே இல்லை. இதே தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். நம் குரலையெல்லாம் தன் ஒயருக்குள் பிடித்து அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவன் பெயர் சவரிமுத்து!"

"யோவ் முரசு, எறங்குய்யா கீழ!" என்று ஒருவன் கத்தினான். "செயலாளரே, வேணாம், வேணாம்!" என்று பிலோ மேடைக்கு ஓடி வந்தாள். நான் விடவில்லை. ஃபைல் மூடியதைச் சொன்னேன். ஸ்பீக்கர் போனதைச் சொன்னேன். வயதாகிவிட்டதால் என் குரல் இப்போதெல்லாம் மூன்றாவது வரிசையைத் தாண்டுவதில்லை. அன்றைக்கு மட்டும் போகப் போக ஏறிக்கொண்டே போயிற்று. ரயில்வே கேட் வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டதாம். உண்மைக்கு அவ்வளவு பலம் என்று நினைத்துக்கொண்டேன்.

சவரி? மிக்ஸரில் கை வைத்தபடியே இருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. நான் முடித்த பிறகு, "சரிங்க செயலாளரே" என்றான். அவ்வளவுதான். மறுக்கவில்லை. முந்நூறு பேருக்கு முன்னால் ஒருவன் மறுக்கவில்லை என்றால் அதற்கு என்ன பொருள்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்நாளிலேயே பெரிய விஷயம். பிலோ மேடையிலிருந்து இறங்கினாள். பிறகு நேரே அறிவிப்புப் பலகைக்குப் போய், குத்தியிருந்த என் மனுவைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். டிரம்ஸ்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மைக்கைப் பிடித்து,

"அனுப்புநர்!" என்று கத்தினாள்.

"இடிமுரசு!" என்றது கூட்டம்.

"பெறுநர்!"

"ஆணையர்!"

"பொருள்!"

"கக்கூஸ்! கக்கூஸ்! கக்கூஸ்!"

தகரம் பிய்ந்துவிடும் போல இருந்தது. "நகல்!" என்றாள். "ஏழு!" என்றார்கள். "நகல்!" "ஏழு!" அதையே இருபது தடவை, முப்பது தடவை. குதிக்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள், பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் அழுகிறார்கள். ஒரு மனுவைப் பாட்டாகப் பாடி எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறீர்களா? முடிந்ததும் பிலோ வந்து என் தோளில் கை போட்டாள். வியர்வையில் நனைந்திருந்தாள். "செயலாளரே, யார் எழுதினா என்ன? விடுங்க. உங்க கையெழுத்துல நம்ம மன்றம் முடியுது. நல்லாத்தான் இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பெருமை அவளுக்கு. ஆனால் 'யார் எழுதினா என்ன' என்று ஏன் சொன்னாள் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அவளையும் கொஞ்சம் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு சவரி ஒயரைச் சுற்றி லோடு ஆட்டோவில் வைத்துவிட்டு, "ஏறுங்க செயலாளரே, வீட்டுல விட்டுர்றேன்" என்றான். யோசித்தேன். ஏறினேன். எதிரியின் வண்டியில் ஏறினால் எதிரியைக் கண்காணிக்கலாம். வழியெல்லாம் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

திங்கட்கிழமை சாவியை நானே கொடுத்தேன். சாவிக்கு ரசீது கேட்டு வாங்கினேன்.

அந்தக் கேமராப் பெண் என் உரையைப் போனில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். நான் பேசின எத்தனையோ பேச்சில் அது ஒன்றுதான் ஊரெல்லாம் போயிற்று. சவரியின் கடை ஷட்டரில் 'கைக்கூலி' என்று யாரோ பெயின்ட் அடித்தார்கள். மூன்று சர்ச்சில் திருவிழாவுக்கு வேறு மைக் செட் வைத்துக்கொண்டார்கள். கல்யாணக்காரர்கள் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இப்போது கடை இல்லை. பெரம்பூரில் வேறு ஒருவன் கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறானாம், ஐம்பத்திரண்டு வயதில். வேண்டும் அவனுக்கு என்று சொன்னேன்.

பிலோ இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். "சவரியண்ணனைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்குங்க செயலாளரே. அவர் பொண்ணு காலேஜ் போறதையே நிறுத்திட்டா."

"ஆதாரம் கொடு, வாங்குகிறேன்."

"ஆதாரம் எதுக்கு, சும்மா வாங்குங்களேன்" என்றாள்.

நான் சும்மா எதையும் வாங்கியதில்லை. அவள் முன்னாலேயே சபதம் செய்தேன். புகார் எழுதின காகிதத்தை அரசாங்கத்திடமே வாங்குகிறேன். அதில் சவரி இல்லை என்றால், என் கையால் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். நாற்பது வருடத்தில் நான் யாரிடமும் கேட்காதது அது. பிலோவின் முகம் அப்போது எப்படியோ ஆயிற்று. "வேணாம் செயலாளரே, அதைப் போய்க் கேக்காதீங்க" என்றாள். பார்த்தீர்களா?

இருங்கள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்தப் பையைத் தொடாதீர்கள்.

…

வந்துவிட்டேன். பை இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. நல்லவர்தான் நீங்கள்.

அந்த ஜன்னல் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "புகார் குடுத்தவங்க பேரு, கையெழுத்தெல்லாம் மறைச்சுத்தான் தருவோம் ஐயா, அதான் ரூல்ஸ்" என்றாள். நான் அதை எதிர்பார்த்தேன். பெயர் வேண்டியதில்லை, எழுத்து போதும் எனக்கு. பிறகு என் முகத்தையே உற்றுப் பார்த்து, "இது உங்களுக்கு அவசியம் வேணுமாய்யா?" என்றாள். அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.

எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள்தான். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. இந்தப் பொடி எழுத்து தெரியாது. கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். மெதுவாக. இந்த அலுவலகத்துக்குக் காது உண்டு.

'அனுப்புநர்', கறுப்பு மை. சரி. 'பெறுநர்', ஆணையர். சரி. பொருள்? 'பெண்களுக்குக் கழிப்பறை அமைத்துத் தரக் கோருதல்.' அடப்பாவி! பலகையில் இருந்த நம் மனுவைப் பார்த்தே எழுதியிருக்கிறான் பாருங்கள். கழிப்பறை கேட்பது போலக் கேட்டு உள்ளே கத்தியை வைத்திருக்கிறான். படியுங்கள், படியுங்கள்.

'மேற்படி முகவரியில் கடந்த பதினேழு ஆண்டுகளாக'…

நிறுத்துங்கள்.

'கடந்த பதினேழு ஆண்டுகளாக, எவருடைய உரிமத்துக்கும் கைகட்டி நிற்காமல், பங்க் நடத்தி வருகிறோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் முந்நூறு பேர் கூடுகிறார்கள். தீப்பொறி பறக்கிறது. இங்கே மூட்டப்படும் நெருப்பு ஒரு நாள் இந்த நகரம் முழுவதும் பரவும் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.' சரியாக இருக்கிறதா? நான் காகிதத்தைப் பார்க்கவில்லை ஐயா. உங்கள் கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது பத்தியில் 'எதிர்ப்பு பாடல்' என்று அடித்திருப்பாள். நடுவில் பேனாவால் ஒரு ப் இருக்கிறதா? கூரை மாதிரி ஒரு குறி போட்டு, மேலே?

இருக்கிறதா.

கடைசியில் நகல் ஏழு. ஆறாவது தீயணைப்பு.

தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? கொடுங்கள்.

பெயரைத்தான் மறைத்திருக்கிறார்களே. யார் எழுதியது என்று யாரால் நிரூபிக்க முடியும்? எவனாவது என் நடையைப் பழகிக்கொண்டு எழுதியிருக்கலாம். ஒற்றுக்கூடப் பழகலாம். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களை யார் அனுப்பியது? இத்தனை பெஞ்சு இருக்கும்போது என் பக்கத்தில் ஏன் வந்து உட்கார்ந்தீர்கள்? சொல்லுங்கள்!

…

ஃபைலைத் தன் கையால் மூடினான். என்னைப் பார்த்தான், மூடினான். 'ஏதோ பழைய பேப்பர்' என்றான்.

அன்றைக்கு மைக்கின் சத்தம் அவன் கையில் இருந்தது ஐயா. ஒரு விரலால் தள்ளியிருந்தால் என் குரல் செத்திருக்கும். தன் பெயரை நான் சொல்லும்போது அவன் ஏற்றி வைத்தான். கிழவன் பேச்சு கடைசி ஆள் வரைக்கும் கேட்கட்டும் என்று ஏற்றி வைத்திருக்கிறான்.

உங்கள் ஃபைலில் வெள்ளைத்தாள் இருக்கிறதா? ஒன்று போதும். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். பெரிய எழுத்தாக எழுதுங்கள். என் கையால் எழுதுகிறேன் என்றுதான் சபதம். ஆனால் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு முடியாது.

அனுப்புநர்: இடிமுரசு, செயலாளர். இல்லை, செயலாளரை அடியுங்கள். பெயர் போதும். பெறுநர்: சவரிமுத்து, சவரி சவுண்ட் சர்வீஸ். கடை இல்லைதான். இருந்தாலும் அப்படியே போடுங்கள். பொருள்… பொருள் என்ன போடுவது? அதை விடுங்கள். பிறகு பார்க்கலாம்.

'சவரி, ஃபைலில் இருந்தது என் மனு. உனக்கு அது முதல் நாளே தெரியும். உன்னை மைக்கில் காட்டிக்கொடுத்தவன் என்று சொன்னேன். சொன்னது தவறு. மன்னிப்புக் கேட்கிறேன். உன் மகளைக் கல்லூரிக்கு அனுப்பு.' அவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு வரவில்லை.

நகலா? இதற்கு நகல் கிடையாது. இது இரண்டு பேருக்குள் உள்ள விஷயம்.

என்ன சொன்னீர்கள்? திட்டினது மைக்கிலா, தாளிலா என்றா கேட்கிறீர்கள்? யாரய்யா நீங்கள், நேற்று வரை என்னைத் தெரியாத ஆள், எனக்குச் சொல்லிக்கொடுக்க…

எழுதுங்கள். நகல்: பிலோமினா, வலி மிகும் குழுவினர். நகல்: அந்த மூன்று சர்ச் ஃபாதர்கள். நகல்: கேமரா வைத்திருந்த பெண், இதையும் அவள் எல்லோருக்கும் அனுப்பட்டும். நகல்: கடைசி நாள் தகரத்துக்குக் கீழே நின்ற முந்நூறு பேர். இந்தத் தடவை எண்ணிக்கை போடாதீர்கள். யார் யார் காதில் விழுந்ததோ அத்தனை பேருக்கும்.

கொடுங்கள், பார்க்கிறேன். உங்கள் எழுத்து பெரிய எழுத்து, தூரப் பிடித்தால் தெரிகிறது. பெரம்பூருக்கு இங்கிருந்து எந்த பஸ்? தபாலில் போடப் போவதில்லை. பதில் வராத தபால் நிறையப் போட்டுவிட்டேன்.

தோழர், இங்கே பாருங்கள், 'மன்னிப்பு கேட்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு க் விட்டுப்போயிற்று. பேனாவைக் கொடுங்கள், அதையாவது என் கையால் போடுகிறேன். அங்கே வலி மிகும்.